கரைவலை இழுப்பவர்களுக்குத் திருகோணமலையில் ஒரு சிலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். திருகோணமலை நகரத்தில் உழைக்கும் மக்களுக்கென்று ஒரு நல்ல சிலை வேண்டும், அது கரையில் வரிசையாக நின்று கயிறு பிடித்துக் கரைவலை என்ற பெரிய மீன்வலையை இழுக்கும் ஆட்களின் சிலையாக இருக்க வேண்டும், அதைக் கடற்கரையில் சனம் நடமாடும் இடத்தில் பீடம் எதுவும் இல்லாமல் தரையிலேயே வைக்க வேண்டும். சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் ஏன், எப்படி என்று கொஞ்சம் விரிவாக எழுதாவிட்டால் இதுவும் ஊர் அழகுபடுத்தல் பற்றிய இன்னொரு கோரிக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள், அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் இயற்கைத் துறைமுகம் என்றுதான் தொடங்குவார்கள். சரி, ஆழத்தையும் மலையையும் குடாவையும் இயற்கை தந்தது. ஆனால் சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கிற 99 எண்ணெய்த் தாங்கிகளை இயற்கை தரவில்லை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் எண்ணெய் கொள்ளும், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பிரித்தானியர் கட்டுவித்தவை, காட்டை வெட்டியதும் மண்ணைக் குடைந்ததும் இரும்புத் தகடுகளைத் தூக்கிப் பொருத்தியதும் மனிதக் கைகள்தான். 1927 இல் ரயில் பாதை திருகோணமலைக்கு வந்தது, அதற்கும் தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவர்கள் இருந்தார்கள். டொக்யார்ட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பட்டறையில், வேலை செய்ய எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறினார்கள், 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டன என்று என் அம்மப்பா காலத்து ஆட்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இந்தத் தாங்கிகளை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று 1987 இல் இருந்து இன்றுவரை நாடுகள் பேசிக்கொண்டே இருக்கின்றன. கட்டியவர்களைப் பற்றி ஒரு வரி பேசிக் கேட்டதில்லை.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதில் இறந்த படை வீரர்களுக்கும் அந்தப் போரின் மற்ற வீரர்களுக்கும் நிலாவெளி வீதியில் பொதுநலவாயப் போர்க் கல்லறை இருக்கிறது, ஒவ்வொருவருக்கும் தனிக் கல், கல்லில் பெயர், புல் வெட்டிப் பூச்செடி வைத்து இன்றைக்கும் அவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அது மிகவும் சரியான காரியம், நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவேன். இறந்த ஒரு படை வீரனை ஒரு நாடு இப்படி நினைத்துப் பார்க்க முடியுமென்றால், அதே துறைமுகத்தில் நிலக்கரியும் மூட்டையும் சுமந்து முதுகு வளைந்துபோன ஆட்களை இந்த ஊர் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950 இல் கோணேசர் கோயிலில் இருந்து ஏறத்தாழ 500 யார் தூரத்தில் நகரசபை கிணறு தோண்டியபோது மண்ணுக்குள் இருந்து வெண்கல விக்கிரகங்கள் வெளியே வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லை எடுத்துக் கோட்டை கட்டிய பிறகு அத்தனை காலமும் மண்ணுக்குள் இருந்த விக்கிரகங்கள் அவை. அதற்குப் பிறகுதான் கோயிலைத் திரும்பக் கட்டும் ஆசை ஊருக்கு வேகமாகப் பிடித்தது, 1963 இல் குடமுழுக்கும் நடந்தது. அந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்கிறோம், ஆனால் மண்வெட்டியோடு அந்தக் குழிக்குள் இறங்கி நின்றவர்கள் யார் என்று எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா? விக்கிரகத்தை வார்த்தவரையும் தெரியாது, பாதுகாக்கப் புதைத்தவரையும் தெரியாது, தோண்டி எடுத்தவரையும் தெரியாது. உழைத்தவன் பெயர் தெரியாமல் போவது எங்கள் ஊரில் அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. இத்தனைக்கும் கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூலில் தானத்தார், வரிப்பத்தார் என்று கோயில் தொழும்பு செய்வோரை வகுத்து, யார் யாருக்கு என்ன கடமை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வேலையையும் வேலை செய்பவரையும் எழுதிவைக்கிற வழக்கம் இங்கே முன்பே இருந்ததுதான்.

சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர்கள் இதை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நெம்புகிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 ஜனவரி 25 இல் திறந்தது. இந்தியாவில் முதல் மே தினம் 1923 இல் சிங்காரவேலர் நடத்தியது அதே மெரினாவில். அந்தச் சிலையில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் யார் முகத்திலும் வெற்றிச் சிரிப்பு இல்லை, நரம்பு புடைக்கப் பாரம் நெம்புகிற மூச்சுத்தான் இருக்கிறது. கல்லூரியில் இருந்த ஒரு காவலாளியையே மாதிரியாக நிற்கவைத்துச் செய்ததாகச் சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவனுக்கும் மீன் விற்கிறவளுக்கும் விளக்கம் எதுவும் தேவைப்படாமல் விளங்குகிற சிலை அது.

இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தின் மேல் அந்தோனி கோர்ம்லி 1998 இல் 20 மீற்றர் உயரத்தில், 54 மீற்றர் அகலச் சிறகோடு ஓர் உருக்குச் சிலை வைத்தார். மண்ணுக்கடியில் இருநூறு வருடம் வேலை செய்தவர்களின் நினைவும் அதில் இருக்கிறது. வைக்கும்போது ஊரில் அவ்வளவு எதிர்ப்பு, பணம் வீண் என்று, அவலட்சணம் என்று. இன்றைக்கு அந்த ஊரை அந்தச் சிலையை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள். அதே நாட்டில் சென்ட் ஹெலன்ஸ் என்ற இடத்தில் மூடிப்போன சுரங்கத்தின் மேல் 2009 இல் ஜோமே பிளென்சா செய்த வெள்ளைச் சிலை ஒன்று நிற்கிறது, கண் மூடிக் கனவு காணும் ஒரு சிறுமியின் முகம், அதுவும் 20 மீற்றர் உயரம். அங்கே பழைய சுரங்கத் தொழிலாளர்களையே கூப்பிட்டுக் கேட்டார்கள், பழசையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்று வேண்டாம், வரப்போகிற பிள்ளைகளைப் பார்க்கிற ஒன்று வேண்டும் என்று அவர்கள்தான் சொன்னார்கள். என் கோரிக்கையில் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். யாருக்குச் சிலையோ அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

ஏன் கரைவலை என்று கேட்பீர்கள். கடல் அடங்கிய மாதங்களில் விடியற்காலையில் கரைக்குப் போய்ப் பாருங்கள். கயிற்றின் ஒரு தலையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி வலையை வளைத்துக்கொண்டு கடலுக்குள் போய் மறுபக்கமாக வந்து கரை சேரும், பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து இழுப்பார்கள், வரிசையின் கடைசிக்குப் போனவர் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீர் ஓரத்துக்கு நடந்து வந்து பிடிப்பார், பின்னால் ஒருவர் ஈரக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருப்பார். இது மணித்தியாலக் கணக்கில் நடக்கும். அலுப்புத் தெரியாமல் அம்பா என்ற கடல் தொழில் பாட்டுப் பாடுவார்கள், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்குவார்கள், பாட்டின் அடியும் காலின் அடியும் ஒன்றாக விழும். மீன் சேர்ந்த வலையின் மடி கரைக்கு வரும்போது பெண்கள் கடகப் பெட்டியோடு வந்துவிடுவார்கள், சூடையும் கீரியும் நெத்தலியும் பிரித்து, விற்றது போக மிச்சத்தைக் கருவாடு போடுவார்கள். வேலையும் பாட்டும் பங்கும் சேர்ந்தே இருக்கிற தொழில் அது. தொழிலாளருக்கு ஒரு சிலை, பண்பாட்டுக்கு வேறொரு சிலை என்று இரண்டாகப் பிரித்து யோசிக்கிறார்களே, அம்பா பாடிக்கொண்டு வலை இழுக்கிற ஒருவனை எந்தக் கத்தி கொண்டு இரண்டாக வெட்டுவது?

இப்போது சில கரைகளில் உழவு இயந்திரத்தில் வின்ச் என்ற கயிறு சுருட்டும் உருளையைப் பூட்டி இழுக்கிறார்கள். அது சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஆனால் வின்ச் வந்த இடத்தில் வரிசையும் இல்லை, அம்பாவும் இல்லை. இன்னும் கையால் இழுக்கிறவர்கள் இருக்கும்போதே, அவர்கள் எப்படி நிற்கிறார்கள், எந்த விரல் கயிற்றின் மேல் எப்படி விழுகிறது என்று நேரில் பார்த்து ஒரு சிற்பி செய்துவிட வேண்டும். பிறகு புகைப்படத்தைப் பார்த்துச் செய்தால் அது பொம்மையாகத்தான் வரும்.

தனி ஆளாக ஒருவரைக் கையை உயர்த்தி, மார்பை நிமிர்த்தி நிறுத்துவது வேண்டவே வேண்டாம். எட்டோ பத்தோ பேர் வரிசையாக, உண்மையான ஆள் அளவில். வயதானவர் ஒருவர், பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன், கடகத்தோடு ஒரு பெண், கயிறு சுருட்டுபவர். கயிறு நீளமாகக் கடல் பக்கம் போக வேண்டும். வரிசையில் இரண்டு இடம் வெறுமையாக விட வேண்டும், வருகிற பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து பார்க்கலாம். படம் எடுக்கட்டும், ஏறி விளையாடட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. கை பட்ட வெண்கலம் பளபளப்பாகும், அந்த இடத்தைப் பார்த்தாலே சனம் எங்கே பிடிக்கிறது என்று தெரியும்.

மற்றத் தொழில்களை விட்டுவிடுவதா என்றால், கூடாது. தம்பலகாமத்திலும் கிளிவெட்டியிலும் வயலில் இறங்குபவர்கள், நிலாவெளிப் பக்கம் உப்பளத்தில் கால் வெடிக்க நிற்பவர்கள், புல்மோட்டையில் இல்மனைட் மணல் அள்ளுபவர்கள், கிண்ணியாவிலும் கந்தளாயிலும் மாடு வளர்த்துத் தயிர் போடுபவர்கள், சீனக்குடா மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும் முறை வேலை பார்ப்பவர்கள், மூதூர் கிழக்கில் காட்டையும் கடலையும் நம்பி வாழும் கரையோர வேடர்கள் என்று பட்டியல் பெரியது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்த, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வேலை செய்தவர்களையும் மறக்கக்கூடாது. சிலை நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு தாழ்ந்த கல்சுவர் கட்டி, அதில் இந்தத் தொழில்களைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கலாம். உட்காரவும் உதவும். ஆனால் நடுவில் கரைவலைதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே சிலைக்குள் அடைக்கப் போனால் கையில் நெற்கதிர், தோளில் வலை, காலடியில் பற்சக்கரம் என்று பாடப்புத்தக அட்டைப் படம் மாதிரி ஆகிவிடும், அப்படியான ஒன்றின் முன் யாரும் நிற்க மாட்டார்கள்.

எதில் செய்வது என்பதில் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். எங்கள் பக்கம் சிலை என்றால் கம்பி கட்டி, சீமெந்து பூசி, மேலே எனாமல் அடித்து விடுவதுதான் வழக்கம், செலவு குறைவு, திறப்பு விழாவுக்குப் பளிச்சென்று இருக்கும். கடற்காற்றுக்கு அது தாங்காது. உப்பு சீமெந்துக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் மேலே உள்ள சீமெந்தை வெடிக்கவைத்துத் தள்ளும். பிறகு விரல் போகும், மூக்குப் போகும், யாராவது வந்து கண்டபடி பூசி வேறு நிறம் அடித்துவிட்டுப் போவார்கள், கடைசியில் அது அந்தத் தொழிலாளிக்கு அவமானமாக நிற்கும். வெண்கலத்தில் வாருங்கள், இல்லாவிட்டால் கருங்கல்லில் செதுக்குங்கள். மெரினாச் சிலை வெண்கலம், 1959 இல் இருந்து கடலுக்கு முன்னால்தான் நிற்கிறது. எங்கள் கோணேசர் விக்கிரகங்கள் முந்நூறு வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்துவிட்டு வந்திருக்கின்றன, வெண்கலத்துக்கு வேறு யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது? செலவு கூடத்தான் ஆகும். ஒரே தடவையில் பத்துப் பேரையும் வார்க்க முடியாவிட்டால் முதலில் மூன்று பேர், பிறகு வருடத்துக்கு ஒருவர் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். வரிசை வளர்வதை ஊர் பார்க்கட்டும்.

இடத்தைப் பற்றியும் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சிலை என்றாலே சனத்துக்கு ஒரு பயம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. 2005 மே மாதத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இரவில் புத்தர் சிலை வைக்கப்பட்டதால் கடைகள் மூடி, ஊர் நாட்கணக்கில் அடங்கிக் கிடந்ததை அந்தக் காலத்தில் இங்கே இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். இடத்தைப் பிடிப்பதற்குச் சிலை, நீ வைத்தால் நானும் வைப்பேன் என்பதற்குச் சிலை என்று பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. நான் கேட்பது அந்தப் போட்டிக்குள் வராத ஒன்று. கரைவலையைத் தமிழரும் இழுக்கிறார்கள், முஸ்லிம்களும் இழுக்கிறார்கள், சிங்களவர்களும் இழுக்கிறார்கள், சுனாமி 2004 இல் எல்லோருடைய தோணியையும் வலையையும் ஒன்றாகத்தான் அள்ளிக்கொண்டு போனது. ஆனாலும் இரவில் கொண்டுவந்து வைக்கக்கூடாது. பகலில், எல்லோரையும் கேட்டு, மீனவர் சங்கங்களைக் கூட்டி, எந்தக் கரையில் யாருக்கும் தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாமல் வைக்கலாம் என்று பேசி வைக்க வேண்டும். மாலையில் சனம் காற்று வாங்க வருகிற டச்சுக் குடாக் கரை பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. தோணி இழுக்கிற, வலை காயப்போடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தொழிலாளிக்குச் சிலை வைத்தோம் என்று தொழிலாளியையே விலக்கிவிடாதீர்கள்.

கல்வெட்டு வைப்பார்கள், வைக்கத்தான் வேண்டும். அதில் திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், நிதி ஒதுக்கியவர் பெயர் என்று பெரிய எழுத்தில் அடுக்கி, சிற்பியின் பெயரை மூலையில் போடுவதை இந்த ஒரு தடவையாவது நிறுத்துங்கள். மாதிரியாக நின்ற ஆட்கள் சம்மதித்தால் அவர்கள் பெயர், சிற்பி பெயர், வார்த்தவர்கள் பெயர், அது போதும். மூன்று மொழியிலும். செய்வதற்கு ஆளில்லை என்று கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வெளியே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். திறந்த போட்டி வைத்து, களிமண் மாதிரிகளை நகர மண்டபத்தில் ஒரு மாதம் வைத்து, கரைவலைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டி, கால் இப்படி நிற்காது தம்பி என்று அவர்கள் சொன்னால் அதைத் திருத்திய பிறகு வார்க்கட்டும்.

சாப்பாட்டுக்கே கஷ்டம், எண்ணெய் விலை ஏறிக் கிடக்கிறது, டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவர்களைப் பிடிக்க ஆளில்லை, இதில் சிலை எதற்கு என்று ஒரு மீனவரே கேட்டால் என்ன சொல்வேன்? அவர் கேட்பது முழுவதும் நியாயம் என்றுதான் சொல்வேன். மீனவர் ஓய்வூதியத்துக்கும் இறங்குதுறைக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தில் ஒரு சதமும் இதற்கு எடுக்கக்கூடாது. ஆனால் வரவேற்பு வளைவுகளுக்கும், ஒரு மழையில் அணைந்துபோகும் வர்ண விளக்குகளுக்கும், ஐ லவ் என்று தொடங்குகிற பெரிய எழுத்துகளுக்கும் ஊர் ஊராகப் பணம் போகிறதே, அந்தப் பணம் இங்கே வரலாம். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கோயில் கோபுரத்துக்குக் கொடுப்பது போல இதற்கும் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன், அவர்களில் எத்தனையோ பேருடைய தகப்பன்மார் இந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் அவர்களைப் படிக்கவைத்தார்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தோடு விட்டுவிடாமல், வாரத்துக்கு ஒரு கரை என்று எடுத்து, இன்னும் கையால் வலை இழுக்கிற குழுக்களின் படத்தையும் அவர்கள் பாடுகிற அம்பாவையும் அவர்கள் வாயாலேயே கேட்டு உங்கள் பத்திரிகையில் போடுங்கள். மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வாசகர்களும் எழுதட்டும். சிலை எந்தக் கரைக்கு வர வேண்டும், என் யோசனையில் எது பிழை என்றும் எழுதட்டும். உள்ளூராட்சி சபையில் இருப்பவர்கள் இதை வாசித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு பிரேரணையாகக் கொண்டுவாருங்கள், அதைக் கேட்க நானும் வந்து உட்காருவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.